தட்டு கழுவுறதுக்கு ஒரு உபயம்

தம்பி,

நான் சௌக்கியமா இருக்கேன்னு எழுதலாம்னுதான் உக்காந்தேன். அது பொய்யாப் போயிடும். சௌக்கியமில்லன்னு எழுதினா அதுவும் பொய்தான். சக்கரை, பிரஷர் எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு டாக்டரம்மா சொன்னாங்க. காலையில எந்திரிக்கிறேன், வாசல் தெளிக்கிறேன், கடையைத் திறக்கிறேன், பொழுது போனா சாத்துறேன். நேத்து காபியை அடுப்புலேர்ந்து எறக்கி அப்படியே குடிச்சிருக்கேன். நாக்கு வெந்து போனது மத்தியானம் சோத்துல ரசம் ஊத்தினப்பதான் தெரிஞ்சுது. அப்பக்கூட வலின்னு ஒண்ணும் தெரியல, என்னடா நாக்கு தடிச்சுக் கெடக்கேன்னு மட்டும் தோணுச்சு. உங்க அப்பா கார்த்திகையில போனாரு, இது மாசி. இன்னும் நான் சரியா அழுவல. ஊரே அதைக் கவனிச்சிக்கிட்டு இருக்கு. நீயும் ஓசூர் கெளம்பறப்ப பஸ் ஸ்டாண்டுல என் மூஞ்சியை உத்து உத்துப் பாத்தே, எனக்குத் தெரியும்.

ஞாயித்துக்கிழமை போன்ல நீ ஒரு சேதி சொன்னே. இந்த வருஷம் மாரியம்மன் திருவிழாவுக்கு அன்னதானத் தட்டு பூரா நீயே வாங்கித் தர்றேன், எல்லாத் தட்டுலயும் அப்பா பேரை வெட்டிடலாம், வருஷா வருஷம் அப்பா பேரு நெலைச்சு நிக்கும்னு சொன்னே. நான் 'சரி பாக்கலாம்டா'ன்னு சொல்லிட்டு போனை வச்சிட்டேன். நல்ல எண்ணத்துலதான் கேட்டே, கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. ஆனா எனக்கு அது வேணாம். ஏன் வேணாம்னு போன்ல சொன்னா பாதியில உனக்கு வேற கால் வந்துடும். அதான் எழுதறேன். உன் பொண்டாட்டியும் படிக்கட்டும், நம்ம தெரு குரூப்புல போட்டாலும் போடு, எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். அதோட, அப்பா போன மறுநாள் நீ ஒரு கேள்வி கேட்டியே, அதுக்கும் நான் இன்னும் பதில் சொல்லல. நம்ம வீட்டுல ஒலை வைக்கல, தெருக்காரங்க சோறு ஆக்கிக் கொண்டாந்தாங்க. சாப்பிட்டு முடிச்சு தட்டைத் திருப்பிப் பாத்துட்டு, 'என்னம்மா எல்லாம் ஒரே மாதிரி தட்டு, பேரு மட்டும் ஆளாளுக்கு வேறயா இருக்கு'ன்னு கேட்டே. ரெண்டுக்கும் பதில் ஒண்ணுதான்.

உங்க மாமா வயல் முழுவிப் போன வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கும். ஐப்பசி மழையில கோயிலுக்குப் பின்னாடி இருக்கற வடிகால் அடைச்சிக்கிட்டுது. தண்ணி வடியாம சம்பா நாத்து பூரா அழுகிப் போச்சு. மாமா இடுப்பளவு தண்ணியில எறங்கி மதகுல கையை விட்டு இழுத்தான். வந்தது என்னங்கற? சித்திரைத் திருவிழாவுல நாம சாம்பார் சாதம் போட்ட தட்டுங்கதான், அந்தப் பளபளன்னு உள்ள பிளாஸ்டிக் ஒட்டின தட்டு. தண்ணி குடிச்ச டம்ளரு, மோர் பாக்கெட்டு, அத்தனையும் களிமண்ணோட கட்டி கட்டியா வந்துது. அம்மனுக்குச் செஞ்ச அன்னதானம் ஆறு மாசம் கழிச்சு அவன் வயல்ல வந்து உக்காந்துக்கிச்சு. வாழை இலையில போட வேண்டியதுதானேன்னு நீ கேப்பே. உக்கார வச்சுப் பரிமாறினா இலை சரி. இப்ப சனம் வரிசையில வந்து வாங்கி நின்னுக்கிட்டே சாப்பிட்டுட்டுப் போவுது. திருவிழா நேரத்துல இலை விக்கிற வெலையும் ஒனக்குத் தெரியாது. அதான் எவர்சில்வர் தட்டு வாங்கி வருஷா வருஷம் கழுவிக் கழுவிப் போடுவோம்னு நான் கமிட்டியில சொன்னேன். பாத்திரக்கடைக்காரி வியாபாரம் பாக்குறான்னு ஒரு ஆளு பேசினான். லாபம் வைக்காம வாங்கின வெலைக்கே தர்றேன், வாயை மூடுடான்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்.

வாங்கின வெலைக்குன்னாலும் காசு வேணுமே. உங்க அப்பாவும் நானும் கடையைச் சாத்திட்டு ஏறி எறங்காத படி இல்ல. ஒரு சர்க்கார் ஆபீஸ்ல அந்த அதிகாரி பாவம், நல்ல மனுஷன், டீயெல்லாம் வாங்கிக் கொடுத்தாரு. எல்லாத்தையும் கேட்டுட்டு, 'அம்மா, திருவிழாவுல குப்பை விழுந்தா அள்றதுக்கு என்கிட்ட நிதி இருக்கு. எத்தனை வண்டி வேணும்னு சொல்லுங்க, அனுப்புறேன். குப்பையே விழாம இருக்கறதுக்கு நிதி கொடுன்னு கேட்டா எந்தத் தலைப்புல எழுதுவேன், நீங்களே சொல்லுங்க'ன்னாரு. அப்பா, 'அப்ப குப்பை போட்டுட்டு வந்து கேக்கறோம் சார்'னு சொல்லிட்டாரு. அவரும் சிரிச்சிட்டாரு. வெளிய வந்ததும் நான் உங்க அப்பாவை என்னா ஏச்சு ஏசினேன் தெரியுமா.

அப்புறம் கீழவாஞ்சூர் ரோட்டுல ஒரு லாரி கம்பெனி. அங்க ஊர் நல்லதுக்குன்னு பணம் ஒதுக்குறாங்கன்னு கேள்விப்பட்டுப் போனோம். உன் வயசுதான் இருக்கும் அந்தத் தம்பிக்கு. 'திருவிழான்னு எழுதாதீங்கம்மா, சாமி விஷயத்துக்குக் கொடுக்க முடியாது, சமுதாய நிகழ்ச்சின்னு எழுதுங்க'ன்னான். எழுதினோம். பதிவு பண்ணின சங்கமான்னான், தணிக்கை பண்ணின கணக்கு இருக்கான்னான். அம்மனுக்கு ஏதுப்பா தணிக்கைன்னு கேட்டேன். கடைசியில அவனால முடிஞ்சது, 'பிளாஸ்டிக்கை ஒழிப்போம்'னு எழுதின பெரிய பேனரு. அதுவும் பிளாஸ்டிக்குதான். திருவிழா முடிஞ்சதும் மாமா அதை வைக்கோல்போருக்குப் போத்தினான், அந்த மட்டுக்கும் பிரயோசனம்.

காரைக்கால்ல நாம மொத்தமா சரக்கு எடுக்கற கடை பாய் இருக்காருல்ல, அவர்கிட்ட கடனுக்குத் தட்டு கேக்கப் போனப்ப இந்தக் கதையைச் சொன்னோம். அவரு ஒருத்தருதான், 'கழுவுறது யாரு?'ன்னு கேட்டாரு. நாங்க தட்டு எத்தனை வேணும்னு சொன்னோம். 'எங்க வீட்டு விசேஷத்துல நாலு பேரு சுத்தி உக்காந்து ஒரே சஹன் தட்டுல சாப்பிடுறோம், நாலு பேருக்கு ஒரு தட்டு கழுவினாப் போதும். உங்க சனம் அப்படி உக்காருமா?'ன்னாரு. 'எங்க உக்காருது பாய், ஒரே வரிசையில நிக்கிறதே இப்பத்தான்'னு அப்பா சொன்னாரு. பாய் ஒரு கட்டு தட்டை எடுத்து வச்சு, 'இது என் பங்கு, பேரு கீரு எதுவும் போடாதீங்க. எங்க தெரு தர்கா கந்தூரிச் சாப்பாட்டுக்கும் ஒரு தடவை கொடுங்க, போதும்'னாரு. காசு கேக்கப் போற எடத்துல, நல்ல காரியம்மான்னு சொல்றவங்க நெறைய இருப்பாங்க தம்பி. அப்புறம் யாரு பாத்துக்குவான்னு எவன் கேக்குறானோ, அவன்கிட்ட உக்காந்து பேசு. நாங்க அன்னிக்கு உக்காரல. வெயிலுக்கு முன்னாடி வீடு போவணும்னு எந்திரிச்சு வந்துட்டோம்.

பேரு வெட்டுற யோசனை உங்க அப்பாவுது. நான் தலையாட்டினேன். ரெண்டு பேருக்கும் அதுல தப்பு இருக்கும்னே தோணல, எப்படித் தோணும்? ஒரு கரண்டி வித்தாக்கூட 'என்ன பேரு வெட்டணும்'னு கேட்டுத்தானே பழக்கம். கோயில்ல ஒரு டியூப்லைட்டு கொடுத்தா வெளிச்சம் மறையற அளவுக்கு உபயம்னு பேரு எழுதுற ஊரு இது. 'தட்டுல உங்க பேரு, இல்லாட்டி செத்துப்போன உங்க அப்பா அம்மா பேரு வெட்டித் தர்றோம்'னு அவரு தெருவுல ஒரு வார்த்தைதான் சொன்னாரு, ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சு கெடைக்காத காசு ரெண்டு வாரத்துல வந்துடுச்சு. பத்து பேரு சேந்து ஒரு கட்டு, அண்ணன் தம்பிக்குள்ள போட்டியா ஒரு கட்டு. கடையில மெஷின் ர்ர்ர்னு ஓயாம ஓடுச்சு. கண்ணாடியை மூக்கு நுனிக்கு எறக்கி விட்டுக்கிட்டு குந்தியிருப்பாரு. சாப்பிட வாங்கன்னா, 'இரு, இந்த ஆளு தாத்தாவை முடிச்சிட்டு வர்றேன்'பாரு.

போன சித்திரைத் திருவிழாவுக்கு நீ வரல, லீவு இல்லன்னுட்டே. வந்திருந்தா பாத்திருப்பே, முதல் நாள் எவ்வளவு அழகா இருந்துச்சு. ஒரு பிளாஸ்டிக் கெடையாது. எனக்கே ஒரு பெருமை. சனம் தட்டை வாங்கினதும் திருப்பி யார் பேருன்னு பாக்கும். தன் குடும்பத்துப் பேரு கெடைச்சா சாமியே வந்த மாதிரி கண்ணுல ஒத்திக்கும். மத்தியானத்துக்கு மேல ஆரம்பிச்சுது. தெக்குத் தெரு சரோஜா கழுவுற எடத்துக்கு வந்து தட்டுங்களைக் கொடைஞ்சு அவ மாமனார் பேரு போட்டதையெல்லாம் பொறுக்கினா. என்னடி பண்றேன்னேன். 'எங்க மாமனாரு பேரு போட்ட தட்டு, அக்கா. எவனோ தின்னுட்டு காலால தள்ளிட்டுப் போறான், எனக்கு நெஞ்சு பதறுது. அடுத்த வருஷம் பத்திரமாக் கொண்டாரேன்'னா. நானும் வாயில வந்ததையெல்லாம் பேசினேன், அவ எடுத்துட்டே போயிட்டா. அவளைப் பாத்து இன்னொருத்தி. அப்புறம் ஆம்பளைங்களே வந்து கேட்டு வாங்கினாங்க. திருட்டுன்னு ஒருத்தருக்கும் தோணல. பேரு இருக்குல்ல, அப்ப அவங்க வீட்டுப் பாத்திரம்தானே? தேரு நெலைக்கு வர்றதுக்குள்ள பேரு வெட்டின தட்டுல பாதிக்கு மேல வீடு போய்ச் சேந்துடுச்சு. பாய் கொடுத்த மொட்டைத் தட்டுங்க மட்டும் அப்படியே கெடந்துது, அதைத் தூக்கிட்டுப் போவ யாருக்கும் நெஞ்சு பதறல.

கழுவுறதுக்கு வந்த பொம்பளைங்க முதல் நாளோட நின்னுக்கிட்டாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன். அரிசி உபயம், பருப்பு உபயம், பூ உபயம், வாணவேடிக்கை உபயம்னு எல்லாத்துக்கும் ஆளு இருந்துச்சு. எச்சித் தட்டு கழுவக் கூலி உபயம் யாருன்னு மைக்குல சொல்ல முடியுமா? ஒருத்தரும் எழுதல. சாம்பார் காஞ்சு பொருக்காகி நகத்தால சொரண்டினாலும் வரல. கடைசியில போர் பம்புக்குப் பக்கத்துல உங்க அப்பாவும் நானும்தான் குந்தினோம். வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு தேங்கா நார் போட்டுத் தேய்ச்சாரு. 'ஊருக்குப் பூரா பாத்திரம் வித்தோம், இப்ப ஊரு பாத்திரத்தையே கழுவுறோம். வியாபாரம் இன்னிக்கித்தான் முழுசாச்சு'ன்னு சொல்லிச் சிரிச்சாரு. நடுவுல ஒரு தடவை முதுகைப் புடிச்சிக்கிட்டு நின்னாரு. வாயுன்னாரு. நானும் வாயுதான்னு நெனச்சேன். அதுக்கும் கார்த்திகையில நடந்ததுக்கும் சம்பந்தமில்லன்னு டாக்டரு சொல்லிட்டாரு. நானும் சம்பந்தமில்லன்னுதான் எனக்குச் சொல்லிக்கிறேன்.

அப்புறம் அவரு போனாரு. கடையில தட்டு அடுக்கடுக்கா இருந்துச்சு, ஆனா பூட்டின கடையைத் தொறக்க யாருக்கும் மனசு வரல. தெருக்காரங்க சோறும் கொண்டாந்து, சாப்பிடத் தட்டும் அவங்கவங்க வீட்டுலேர்ந்தே கொண்டாந்தாங்க. அதான் நீ பாத்தது. சரோஜாதான் முதல்ல வந்தா, ஒரு அடுக்கு தட்டோட. நம்ம வீட்டுக்கு வந்தவங்க அத்தனை பேரும் உங்க அப்பா கையால பேரு வெட்டின தட்டுல சோத்தைப் போட்டுச் சாப்பிட்டாங்க. எனக்கும் ஒரு தட்டுல பெசைஞ்சு கொடுத்தாங்க, யாரு பேருன்னு திருப்பிப் பாக்கல. மறுநா எல்லாரும் வந்து அவங்கவங்க தட்டை எண்ணி எடுத்துட்டுப் போனாங்க. கழுவினது உங்க மாமாதான், நம்ம கொல்லையில.

இப்ப கமிட்டித் தலைவரு அந்த மாமாதான். போன வாரம் வந்து திண்டாட்டமா நின்னான். 'அக்கா, கழுவ ஆளில்ல. பேசாம பழையபடி பிளாஸ்டிக் தட்டே வாங்கிடலாம்கறாங்க. என் வயலு போனவன்தான் நான், எனக்கு மட்டும் ஆசையா? வர்ற சனத்துக்குக் கையிலயா சோறு போடச் சொல்றே'ன்னான். வர்ற வெள்ளிக்கிழமை கமிட்டி கூடுது. அன்னிக்கு ஒரு வழி சொல்லலன்னா பிளாஸ்டிக் தட்டுக்கு ஆர்டர் போயிடும். ஒரு தடவை திரும்பிப் போச்சுன்னா அப்புறம் யாரும் இந்தப் பேச்சை எடுக்க மாட்டாங்க. உங்க அப்பா போர் பம்புகிட்ட குந்தி தேய்ச்சது அத்தோட சரி.

அதுனால நான் காரைக்காலுக்குப் போயி பாய் கடையில இந்தத் தடவை உக்காந்தேன். உங்க அப்பா போன விஷயத்தைக் கேட்டுட்டு அவரும் கல்லாவை விட்டு எறங்கி வந்து எதிர்ல உக்காந்தாரு. அப்புறம், 'அக்கா, குறையற தட்டு என் பொறுப்பு, பேரு இல்லாம பொதுவுல இருக்கட்டும். கந்தூரிக்கு நாங்களும் எடுக்கறோம். கழுவற கூலி, அண்டா, சோப்பு, கொண்டு போற வண்டி, இதுல பாதி எங்க பக்கம். மீதிப் பாதிக்கு உங்க பக்கம் ஒரு ஆளு வருஷா வருஷம் பொறுப்பு எடுக்கணும். ஒரு வருஷம் கொடுத்துட்டு ஓடுற ஆளு வேணாம்'னாரு. நான் யோசிக்கவே இல்ல, எம்புள்ளை எடுப்பான்னு சொல்லிட்டு வந்துட்டேன். உன்னைக் கேக்காம சொன்னது தப்புன்னா ஏசிக்க.

நீ தட்டுக்குப் போடணும்னு நெனச்ச பணத்தை இதுக்குப் போடு. மைக்குல சொல்ல மாட்டாங்க, சுவத்துல எழுத மாட்டாங்க. தண்ணியா, கூலியா அன்னன்னிக்கே காணாமப் போற காசு. அடுத்த வருஷமும் கேப்பேன், அதுக்கடுத்த வருஷம் நான் இல்லாட்டி உங்க மாமா கேப்பான். கொடுத்துட்டோம்கற நெறைவுகூட சரியா வராது. அதுக்குத்தான் ஆளே கெடைக்கல, அதுக்குத்தான் உன்னைக் கேக்கறேன். தட்டுல அப்பா பேரு வேணாம்னு சொன்னேனே, ஏன்னு இப்பப் புரிஞ்சிருக்கும். ஊரை நம்பாம சொல்லல தம்பி. அவரு பேரு போட்ட தட்டு அந்த வரிசையில கை மாறிப் போனா, மொத ஆளா ஒவ்வொண்ணாப் பொறுக்கிட்டு வீட்டுக்கு வர்றவ நான்தான். சரோஜாவை அன்னிக்கு நான் பேசின பேச்சுக்கு இப்ப எனக்கு வெக்கமா இருக்கு.

இதை எழுதறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணினேன். வீட்டுல இருக்கற பாத்திரத்தையெல்லாம் பரண்லேர்ந்து எறக்கி கூடத்துல கவுத்துப் போட்டுப் பாத்தேன். என் சீர்ப் பாத்திரம் பூரா என் பேரு, எங்க அப்பா இனிஷியலோட. உனக்குக் காது குத்தினப்ப வந்த டம்ளருங்கள்ல உன் பேரு. உன் பொண்டாட்டி பேரு போட்ட குடம் இருக்கு. செத்துப்போன உங்க அத்தை பேருல ஒரு தாம்பாளம்கூட இருக்கு. அவரு பேரு ஒண்ணுலயும் இல்ல. ஒரு ஸ்பூன்ல கெடையாது. ஊரு பேரையெல்லாம் வெட்டினாரு, அவருக்குன்னு ஒரு பாத்திரம் வாங்கி யாரும் கொடுத்தாத்தானே பேரு விழும். நான் கொடுக்கல. எனக்கு அது தோணவே இல்ல. பாத்திரத்துக்கு நடுவுல குந்திக்கிட்டே இருந்தேன், அடுப்புல வச்ச ஒலை வத்திப் போனதுகூடத் தெரியல.

மத்தியானம் கடையில ஒரு தட்டை எடுத்து மெஷினுக்கு அடியில வச்சேன். எனக்கும் வெட்டத் தெரியும், அவரு ஊருக்குப் போற நாள்ல எத்தனையோ வெட்டியிருக்கேன். ஆனா கல்யாணமான நாள்லேர்ந்து அவரு பேரை நான் வாயால சொன்னதில்ல, ரேஷன் கடையில கேட்டாக்கூட உன்னைத்தான் சொல்லச் சொல்லுவேன். மெஷின் ஓடிக்கிட்டே இருந்துச்சு, கை போவல. கெளம்பல தம்பி, மொத எழுத்தே கெளம்பல.

திருவிழாவுக்கு வா. லீவு இல்லன்னு சொல்லாதே. பெரிய லீவுல அப்பா பக்கத்துல உக்காந்து வெட்டப் பழகினேல்ல, உன் எழுத்து அப்பவே கோணல், இப்பவும் கோணலாத்தான் இருக்கும், பரவாயில்ல. ஒரே ஒரு தட்டுல அவரு பேரை வெட்டிக் கொடு. கோயிலுக்குக் கொடுக்க மாட்டேன், நான் சாப்பிட வச்சுக்குவேன். அதுக்குக் கழுவுறதுக்கு ஆளு வேணாம், நானே கழுவிக்கிறேன்.

அம்மா